விளையாட்டரங்கின் மேலே போர்விமானம்

ஒரு படைப்பைப் பற்றிப் பேசப் புகும்போது, அது யாருக்காக ஆக்கப்பட்டது, யாருடைய செலவில் நடைபெறுகின்றது, காண்போர் உள்ளத்தில் எத்தகைய உணர்ச்சியை எழுப்ப முனைகின்றது என்று கேட்பது விமர்சனத்தின் முதற்கடமையாகும். சிறுகதைக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இவ்வினாக்களைத் தவறாது விடுக்கும் நாம், வானத்திலே நிகழ்த்தப்படும் ஒரு காட்சியை மாத்திரம் வினாவுக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுகிறோம். பெரிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்குமுன் விமானப்படையின் ஜெற் விமானங்கள் அணிவகுத்து அரங்கின் மேலாகப் பறந்து செல்லும் காட்சியையே இங்கு குறிப்பிடுகிறோம். கோடிக்கணக்கானோர் காணும் இக்காட்சிக்கு ஆக்கியோர் உண்டு, அரங்கு உண்டு, ஓசையும் வண்ணமும் உண்டு, சொல்ல வந்த கருத்தும் உண்டு. ஆதலின் இதனையும் ஒரு படைப்பாகக் கொண்டு மதிப்பிடுவது தகும்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி அகமதாபாத்தில் நடைபெறவிருந்தது. சரவணையிலே, சனசமூக நிலையம் ஒன்றில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே இருபது முப்பது பிள்ளைகள் கூடியிருந்தனர். அவர்களுட் பலர் நம்மிடம் படிப்பவர்கள். ஆட்டம் தொடங்குவதற்குச் சிறிது முன்னர், இந்திய விமானப்படையின் 'சூரியகிரண்' அணியைச் சேர்ந்த ஒன்பது 'ஹோக்' விமானங்கள் அரங்கின் மேலாகப் பறந்தன. பெட்டியின் ஓசையை உச்சத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவன் இரு கைகளையும் இறக்கைகளைப் போல விரித்துக்கொண்டு வாசல்வரை ஓடினான். நாமும் புன்முறுவலோடு பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அவ்வேளை வீதியால் ஆட்டுக்குக் குழை கொண்டு சென்ற மூதாட்டி ஒருவர் சட்டென நின்றார். தலையை உயர்த்தி வானத்தை நோக்கினார். குழைக்கட்டைத் தரையிலே போட்டுவிட்டு மதிலோரமாகப் போய்க் குந்திவிட்டார். ஒரு சிறுமி ஓடிச் சென்று, "ஆச்சி, அது ரீவிச் சத்தம்" என்றாள். ஆச்சி சற்றுநேரம் அவளைப் பார்த்திருந்துவிட்டு, "ரீவியெண்டால் நல்லது பிள்ளை" என்று கூறிக் குழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் வகுப்பிலே நாம் இதனைக் குறிப்பிட்டபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "அப்ப நாங்கள் ரசிக்கக் கூடாதோ, சேர்?" உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இது.

முதலிலே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காட்சியில் எழும் கிளர்ச்சி பொய்யானதன்று. ஒன்பது விமானங்கள் ஒன்றுக்கொன்று சில மீற்றர் இடைவெளியில், மணிக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகத்தில், ஒரே உடல்போலத் திரும்புவதைக் காணும் எவர்க்கும் வியப்பு உண்டாகும். ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திலே பரவுவது. விமானமோ அவ்வேகத்தின் பெரும்பகுதியை எட்டிப் பறப்பது. ஆதலால் ஓசை வந்த திசையிலே கண் தேடும்போது விமானம் அவ்விடத்தில் இல்லை. அது வெகுதூரம் முன்னே போய்விட்டது. காதும் கண்ணும் இவ்வாறு மாறுபடுவதும், தாழ்ந்த அதிர்வு நெஞ்சக்கூட்டில் வந்து மோதுவதும் உடம்பை ஒரு கணம் திகைக்கச் செய்கின்றன. அத்திகைப்பு அடங்குவதற்குள் பல்லாயிரம் பேரின் ஆரவாரம் எழுகின்றது. திகைப்பு மகிழ்ச்சியாகிவிடுகின்றது. விமானிகளின் பயிற்சியும் துணிவும் மெய்யானவை. இவற்றை மறுத்துவிட்டுச் செய்யும் விமர்சனம் நேர்மையானதாகாது.

எனினும் உணர்ச்சி மெய்யானது என்பதனால் அது தோன்றிய முறையை ஆராயாது விடவேண்டும் என்பதில்லை. நம் முன்னோர் இவ்வாராய்ச்சியை மிக நுட்பமாகச் செய்திருக்கின்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றின் அடியாகப் பிறக்கும் என்றும் கூறுகின்றது. மருட்கை எனப்படும் வியப்பு, புதிதாகத் தோன்றுவதாலும் மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருப்பதாலும் ஒன்று மற்றொன்றாக மாறுவதாலும் பிறப்பது. பெருமிதமோ கொடையினாலும் கல்வியினாலும் அஞ்சாமையினாலும் பெற்ற புகழினாலும் பிறப்பது. அச்சத்தைப் பற்றிச் சொல்லுமிடத்திலே தொல்காப்பியர், அணங்கு, கொடுவிலங்கு, கள்வர் என்பவற்றோடு தம்மை ஆள்வோரையும் ஒருசேர வைத்திருக்கிறார். கள்வனுக்கு அஞ்சுவதுபோலவே மனிதன் தன்னை ஆள்பவனுக்கும் அஞ்சுகிறான் என்பதை அவ்விலக்கணம் மறைக்கவில்லை.

அரங்கின் மேலே பறக்கும் போர்விமானத்தை இவ்வளவுகோல் கொண்டு பார்ப்போம். அதனிடத்து மருட்கை உண்டு, ஐயமில்லை. அச்சமும் உண்டு, உடம்பு முதலில் உணர்வது அதனையே. அவ்வச்சம் ஆள்வோரின் படைக்கலத்தைக் கண்டு பிறந்தது. காட்சியின் முடிவில் காண்போர் உள்ளத்தில் எஞ்சி நிற்பதோ பெருமிதம். அப்பெருமிதத்துக்குக் காண்போனிடத்து என்ன அடிப்படை உண்டு? கற்ற கல்வி விமானியினுடையது. அஞ்சாமையும் அவனுடையதே. கொடை என்று சொல்வதாயின், வரி செலுத்தியவன் என்ற வகையில் அது காண்போனுடையதுதான். ஆனால் அவனைக் கேட்டு யாரும் அதனைச் செலவிடவில்லை. ஆள்வோரின் படைக்கலத்தைக் கண்டு எழுந்த அச்சத்தை, ஆளப்படுவோரின் சொந்தப் பெருமிதமாக மாற்றிக் கொடுப்பதே இக்காட்சியின் தொழில். தேசியகீதம், கொடி, பல்லாயிரம் பேரின் ஆரவாரம் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து அம்மாற்றத்தைச் செய்து முடிக்கின்றன.

பழைய வீரயுகப் பாடல்களும் இதனைத்தானே செய்தன என்று சிலர் கேட்கலாம். பேராசிரியர் கைலாசபதி தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது ஆங்கில ஆய்வை 1968இல் வெளியிட்டபின், அப்பாடல்களைச் சமுதாயப் பின்னணியில் வைத்துப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். புறப்பாடல்கள் மன்னரைப் புகழ்ந்தன. பரிசிலை எதிர்பார்த்தும் புகழ்ந்தன. ஆயினும் அவை எரியூட்டப்பட்ட ஊர்களையும் பாழ்பட்ட வயல்களையும் கைம்மை நோற்ற மகளிரையும் மகனை இழந்த தாயரையும் பாடாமல் விடவில்லை. பகைவர் நாட்டின் அழிவை வென்ற மன்னனின் முன்னிலையிலேயே எடுத்துரைத்த புலவர்களும் இருந்தனர். படைக்கலம் எதற்காக உள்ளது என்பதை அக்கவிதை அறிந்திருந்தது, கேட்போருக்கும் அறிவித்தது. இன்றைய வான்காட்சி அவ்வறிவை முற்றாக நீக்கிவிட்டு, படைக்கலத்தின் ஓசையையும் ஒளியையும் மாத்திரம் வைத்துக்கொள்கின்றது. குண்டு இல்லாத குண்டுவீச்சு விமானத்தை, பிணம் இல்லாத போரை, அது நமக்குக் காட்டுகின்றது.

இவ்வழக்கத்தின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1918 செப்ரெம்பரில், முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், சிக்காகோ நகரில் நடந்த பேஸ்போல் உலகத் தொடரின் முதற் போட்டியின்போது இராணுவ விமானங்கள் அரங்கின் மேலாகப் பறந்தன. யுத்தத்துக்கு ஆள் திரட்டப்பட்ட காலம் அது. யுத்தம் முடிந்தது, வழக்கமோ முடியவில்லை. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் பெரிய இறுதிப் போட்டிகளிலே அது சடங்காகவே நிலைத்துவிட்டது. 2011 பெப்ரவரியில், ரெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்ரன் நகரில் நடந்த இறுதிப் போட்டியின்போது அரங்கின் கூரை மூடப்பட்டிருந்தது. எனினும் கடற்படை ஜெற் விமானங்கள் அதன் மேலாகப் பறந்தன. உள்ளே இருந்தோர் அவற்றைத் திரையிலேதான் கண்டனர். காண்பதற்கு ஆளில்லாத வானத்திலும் நடத்தப்பட வேண்டிய காட்சி என்றால், அது விளையாட்டு ரசிகனுக்காக நடத்தப்படுவதன்று என்பது தெளிவு.

செலவு பற்றிய கணக்கு இன்னும் தெளிவைத் தரும். 2015 நவம்பரில் அமெரிக்க செனற் சபையின் மக்கெயின், ஃபிளேக் ஆகிய இருவர் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். இருவரும் இடதுசாரிகள் அல்லர்; குடியரசுக் கட்சியினர். 2012 முதற்கொண்டு அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் விளையாட்டு அணிகளுடன் செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களின் பெறுமதி 5 கோடியே 30 இலட்சம் டொலர் என்றும், அதிலே குறைந்தது 68 இலட்சம் டொலர், மைதானத்தில் கொடி விரித்தல், படைவீரரைக் கௌரவித்தல் போன்ற தேசபக்திக் காட்சிகளுக்காகக் கொடுக்கப்பட்டது என்றும் அவர்கள் காட்டினர். உள்ளம் உருகிக் கண்ணீர் விட்ட ரசிகன், தான் கண்டது கட்டணம் செலுத்தி வாங்கப்பட்ட விளம்பரம் என்பதை அறிந்திருக்கவில்லை. விமானங்கள் பறப்பதோ பயிற்சி நேரமாகக் கணக்கிடப்படுகின்றது. ஆதலால் தனிச் செலவு இல்லை என்பது படையினரின் விடை. பயிற்சி எதற்கு என்ற வினாவுக்கு அவ்விடையில் இடமில்லை.

இனி, ஆபத்துக்களைப் பார்ப்போம். 1952 செப்ரெம்பர் 6ஆந் திகதி இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு போர்விமானம் வானிலே உடைந்து அதன் பாகங்கள் கூட்டத்தில் விழுந்தன. 31 பேர் மாண்டனர். 1988 ஆகஸ்ட் 28ஆந் திகதி மேற்கு ஜேர்மனியின் ராம்ஸ்ரைனில் இத்தாலிய விமான அணியின் மூன்று விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தின்மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். 2002 ஜூலை 27ஆந் திகதி உக்ரேனின் லிவீவ் நகருக்கருகே நடந்த விபத்தில் 77 பேர் மாண்டனர். அவர்களில் 28 பேர் குழந்தைகள். இவை யாவும் விமானக் கண்காட்சிகளில் நிகழ்ந்தவை. விளையாட்டரங்குகளில் நிகழ்ந்தவை அல்ல. இவற்றிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் யாதெனில், விமானச் சாகசத்தைக் கூட்டத்தின் தலைக்கு மேலே நடத்தலாகாது, கூட்டத்திலிருந்து விலகியே நடத்த வேண்டும் என்பதாகும். விளையாட்டரங்கின் மேலே பறப்பதோ கூட்டத்தின் தலைக்கு மேலேயே பறப்பதாகும். ஆதலால்தான் நேராகவும் மட்டமாகவும் மாத்திரம் பறக்கவேண்டும் என்றும், அமெரிக்காவிலே அரங்கின் உச்சிக்கு மேலே 1000 அடிக்குக் குறையலாகாது என்றும் விதித்தனர். 2010 நவம்பர் 20ஆந் திகதி, அயோவா பல்கலைக்கழக அரங்கின் மேலே நான்கு பயிற்சி ஜெற் விமானங்கள் அவ்விதியை மீறி மிகத் தாழ்வாகப் பறந்தன. தலைமை விமானி ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளானார். ரசிகர்களிற் பலரோ அதனை மெச்சினர். கிளர்ச்சி தாழ்வாகப் பறக்குமாறு தூண்டுகின்றது. விதி உயரப் பறக்குமாறு சொல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்பவன் இளம் விமானி ஒருவன்.

அவ்விளம் விமானிகளின் உயிரையும் நாம் கணக்கிற் கொள்ளவேண்டும். 2011 மார்ச் 1ஆந் திகதி, இலங்கை விமானப்படையின் 60ஆவது ஆண்டு நிறைவு விழாவுக்கான ஒத்திகையின்போது, கம்பஹா மாவட்டத்தின் மேலே இரண்டு கிபிர் விமானங்கள் மோதின; ஒரு விமானி மாண்டார். 2019 பெப்ரவரி 19ஆந் திகதி, பெங்களூரில் விமானக் கண்காட்சிக்கான ஒத்திகையில், நமது பிள்ளைகள் கைதட்டிய அதே சூரியகிரண் அணியின் இரண்டு விமானங்கள் மோதின. ஒரு விமானி மாண்டார். 2025 நவம்பர் 21ஆந் திகதி துபாய்க் கண்காட்சியிலே தேஜஸ் விமானம் வீழ்ந்து இந்திய விமானி ஒருவர் மாண்டார். இவர்கள் போர்முனையில் இறந்தவர்கள் அல்லர். காட்சிக்காக இறந்தவர்கள். உழைக்கும் மனிதன் ஒருவன் வேலைத்தலத்திலே இறந்தால் எழுப்பவேண்டிய வினாக்கள் அனைத்தையும் இவ்விறப்புக்களுக்காகவும் எழுப்பவேண்டும்.

விமானம் எதுவும் விழாமலே மக்கள் இறந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். 2024 ஒக்ரோபர் 6ஆந் திகதி, இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரீனாக் கடற்கரையில் வான்காட்சி நடந்தது. பதினைந்து இலட்சம் பேர்வரை கூடினர் என்று செய்திகள் கூறின. காட்சி முற்பகல் 11 மணிக்குத் தொடங்கி உச்சிவெயிலிலே நடந்தது. வானத்திலே எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. கீழே தண்ணீருக்கும் நிழலுக்கும் வெளியேறும் வழிக்கும் மக்கள் தவித்தனர். ஐவர் மாண்டனர், பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எழுபதுக்கு மேற்பட்ட விமானங்களை வினாடிக் கணக்குத் தவறாமல் அணிவகுக்கச் செய்யத் தெரிந்த சமுதாயத்துக்கு, கடற்கரையிலே நின்ற மனிதனுக்கு ஒரு குவளை தண்ணீர் கிடைக்கச் செய்யத் தெரியவில்லை. ஆட்சியின் கண் எத்திசையை நோக்கியிருந்தது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியபின்னரும், சரவணையிலே மதிலோரம் குந்திய ஆச்சியைப் பற்றி நாம் இன்னும் ஒன்றுமே கூறவில்லை. அவர் அஞ்சியது விபத்துக்கு அன்று. விமானம் பழுதுபட்டு விழுந்துவிடும் என்பதனால் அவர் குந்தவில்லை. பழுதின்றித் தன் வேலையைச் செய்துவிடும் என்பதனாலேயே குந்தினார்.

நமது பிரதேசத்து மக்களின் பேச்சுமொழி இவ்வகையில் ஒரு வரலாற்று ஆவணமாகும். பொம்மர், சகடை, ஹெலி, கிபிர் என்று அவர்கள் விமானங்களை ஓசையாலேயே பிரித்தறிந்து பெயரிட்டனர். பள்ளிக்கூடத்திலே அகரவரிசை கற்கும் முன்னரே பிள்ளைகள் இவ்வரிசையைக் கற்றனர். 1990இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்ட நாட்களில் கோட்டையைச் சூழ்ந்த பகுதிகளில் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் படையினர் தீவகத்திலே தரையிறங்கியபோது, தீவகத்து மக்களிற் பெருந்தொகையினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1993 நவம்பர் 13ஆந் திகதி குருநகர் யாகப்பர் தேவாலயம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1995 ஜூலை 9ஆந் திகதி நவாலியிலே தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சிலே மாண்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி நாகர்கோவிலில் பாடசாலை மாணவர்கள் மாண்டனர். ஆச்சியின் உடம்பு இவற்றையெல்லாம் அறியும். ஓசை கேட்டதும் அறிவு விழிக்குமுன் உடம்பு விழித்துக்கொள்கின்றது. அரங்கிலிருந்த ரசிகனின் உடம்பும் அவ்வாறே விழித்ததுதான். ஆனால் அவனுக்கு ஓர் உத்தரவாதம் இருந்தது: இவ்விமானம் என்மேல் குண்டு போடாது. அக்கிளர்ச்சியை மகிழ்ச்சியாக்கியது அவ்வுத்தரவாதமே. அஃது இல்லாதவர்க்கு எஞ்சுவது அச்சம் மாத்திரமே.

அது இந்தியாவின் விமானம்தானே என்று அன்று வகுப்பிலே வேறொரு மாணவன் சொன்னான். வரலாறு அவ்வளவு எளிதன்று. 1987 ஜூன் 4ஆந் திகதி, மிராஜ் போர்விமானங்கள் காவலாக வர, இந்திய விமானப்படையின் அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேலே உணவும் மருந்தும் போட்டன. அந்நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயர். அதே ஆண்டு ஒக்ரோபரில் அதே நாட்டின் ஹெலிகொப்டர்கள் அதே யாழ்ப்பாணத்திலே தாக்குதல் நடத்தின. இரண்டுக்கும் இடையே கழிந்தவை நான்கு மாதங்கள். வானத்திலே வருவது பூமாலையா நெருப்பா என்பதைத் தீர்மானிப்பவர் விமானியும் அல்லர். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரும் அல்லர்.

இவ்விடத்திலே நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். 2007 ஏப்பிரலில், பார்படோசில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை அவுஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. கொழும்பிலே மக்கள் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து தொலைக்காட்சியில் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்விரவிலே விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கொழும்பை அண்டிய எரிபொருட் களஞ்சியங்களின்மேல் குண்டு வீசின. நகரத்தின் மின்விளக்குகள் அணைக்கப்பட்டன. கீழிருந்து சுட்ட துப்பாக்கிகளின் ஒளி வானமெங்கும் தெரிந்தது. ஆட்டம் பார்க்கக் கூடியிருந்த பிள்ளைகள் இருளிலே தாயைத் தேடியிருப்பர். அன்று நம்மிற் பலர் கொண்டது பெருமிதம். நமக்கும் விமானம் உண்டு என்ற பெருமிதம். இருளிலே இருந்த சிங்களத் தாயின் நெஞ்சில் எழுந்தது, நவாலியிலும் நாகர்கோவிலிலும் எழுந்த அதே அச்சந்தான் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆதலால், பிறர் கொண்டாடும் விமானத்தை மாத்திரம் விமர்சித்துவிட்டு, நாம் கொண்டாடியதை மறைத்துவிடுவது விமர்சனமாகாது. மேலே பறப்பவன் யார் என்பதை வைத்து உணர்ச்சியை அளக்காமல், கீழே இருப்பவர் யார் என்பதை வைத்து அளக்கவேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

இனி, விளையாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடைபெற்று வரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் போர்' என்று பெயர். பெயரிலே போர் இருக்கின்றது. ஆனால் மாலையில் இரு தரப்பினரும் வீடு திரும்புகின்றனர். தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு மார்ச் மாதம் இருக்கின்றது. மனித இனம் தன்னுள்ளே இருக்கும் போட்டியுணர்ச்சியை உயிர்ச்சேதமின்றித் தீர்த்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழியே விளையாட்டு. போரை விளையாட்டாக மாற்றியது மனிதனின் நாகரிகம். விளையாட்டை மீண்டும் போரோடு சேர்த்துக் கட்டுவதே வான்காட்சி செய்யும் வேலை. இரு அணிகள் ஆடவிருக்கும் மைதானத்தின் மேலே ஒரு தரப்பின் போர்விமானம் பறக்கும்போது, எதிரணி வெறும் எதிரணியாக இல்லாமல் எதிரி நாடாகிவிடுகின்றது. அன்று அகமதாபாத்திலே, பதவியிலுள்ள பிரதமரின் பெயரைத் தாங்கிய அரங்கிலே, 92,453 பேர் கூடியிருந்தனர். அவுஸ்திரேலியா ஆறு விக்கெற்றுக்களால் வென்றது. அவ்வெற்றியின்போது அரங்கு மௌனமாகிவிட்டது. நல்ல ஆட்டத்தைப் பாராட்டும் ரசிகர்களைப் படைவலிமை உருவாக்கித் தருவதில்லை.

நாம் தொலைவிலுள்ள அரங்கைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. சரவணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸிலே செல்பவர் பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் காண்பது கோட்டையையும் அதனையடுத்த முற்றவெளியையும். 1990இல் குண்டுகள் விழுந்த பகுதி அது. 2024 மார்ச்சில் அதே முற்றவெளியிலே இலங்கை விமானப்படை தனது 73ஆவது ஆண்டு நிறைவுக் கண்காட்சியை நடத்தியது. பெருந்திரளான பாடசாலைப் பிள்ளைகள் அதனைக் கண்டனர். பிள்ளைகள் மகிழ்ந்ததை நாம் குறை கூறவில்லை. தாம் நின்று பார்த்த தரையின் வரலாற்றை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதையே குறை கூறுகிறோம். 2025 செப்ரெம்பர் 1ஆந் திகதி, தீவகத்தின் வாயிலாகிய மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு நாட்டின் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். நமது பிள்ளைகள் உலகத் தரமான ஆட்டத்தைத் தமது ஊருக்கு அருகிலேயே காணும் நாள் வருமாயின், அதனை முதலில் வரவேற்பவர் நாமாகவே இருப்போம். அத்திறப்பு விழாவிலே வானத்தில் என்ன பறக்கும் என்பதையும் இன்றே கேட்டு வைக்கவேண்டும். மேலே ஜெற் விமானம் இரைந்து செல்ல, கீழே ஆச்சிமார் மதிலோரம் குந்துவார்களாயின், அந்த மைதானம் தீவகத்து மக்களுக்காக அமைக்கப்பட்டது என்று சொல்லமுடியாது.

இவ்வாறெல்லாம் எழுதுவதால் நாம் விஞ்ஞானத்துக்குப் பகைவர் என்றோ, பிள்ளைகளின் ஆர்வத்தைக் கிள்ளியெறிபவர் என்றோ கருதவேண்டியதில்லை. 2019 ஒக்ரோபரிலே பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பின்னர் சென்னையிலிருந்து பயணிகளோடு விமானம் வந்திறங்கியபோது இப்பகுதி மக்கள் மகிழ்ந்தனர். அதுவும் விமானந்தான், அதற்கும் ஓசை உண்டு. பிரிந்திருந்த பிள்ளையையும் பேரனையும் கொண்டுவந்து சேர்க்கும் விமானத்தின் ஓசை வேறு. இறக்கை எவ்வாறு காற்றிலே தாங்கப்படுகின்றது, இயந்திரம் எவ்வாறு உந்துகின்றது என்பதை நமது மாணவர்கள் கற்கவேண்டும். அவர்களுள்ளிருந்து விமானிகளும் பொறியியலாளரும் தோன்றவேண்டும். கற்றவன் வியப்பதோடு நின்றுவிடமாட்டான், கேள்வியும் கேட்பான்.

அன்றைய வகுப்புக்குப் பின்னர் நாம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், முற்காலத்திலே விமானங்களை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், ஓசை கேட்டால் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வரச்சொன்னோம். நாற்பது வரிகள் எழுதியவனும் இருந்தான். மூன்று வரிகளோடு நிறுத்தியவளும் இருந்தாள். அவள் எழுதியதன் சாரம் இதுதான்: அம்மம்மா பெயர்களைச் சொன்னார், சொல்லும்போது சமையலை நிறுத்திவிட்டார், அதன்பின் கேட்கவேண்டாம் என்றார். அவ்வார இறுதியிலே நாம் அக்கட்டுரைகளை வகுப்பில் வாசித்தோம். வாசித்து முடிந்ததும், முதல்நாள் வினவிய மாணவனை எழுப்பி, அவனது வினாவுக்கு நாம் கண்ட விடையைக் கூறினோம்.

ரசிக்கலாம். விமானியின் திறமையை வியக்கலாம். அது மனிதத் திறமை. ஆனால் கைதட்டுமுன் மூன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு யார் பணம் கொடுத்தார்? இது எதற்காகச் செய்யப்பட்ட விமானம்? இதே ஓசையை இப்பொழுது வேறு எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழிருந்து, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்? இம்மூன்றையும் நினைத்த பின்னரும் கை தட்ட எழுமாயின் தட்டலாம், நாம் தடுக்கமாட்டோம்.

அவன் சிறிது யோசித்தான். "அப்ப அடுத்த மட்ச் பார்க்கேக்க, அந்த நேரம் மட்டும் சத்தத்தைக் குறைச்சு வைப்பம், சேர்" என்றான். "ஆச்சி அந்த வழியாலதான் ஆட்டுக்குக் குழை கொண்டு போறவ."

வானத்திலே நடப்பதைத் தடுக்கும் அதிகாரம் சரவணைப் பிள்ளைகளுக்கு இல்லை. தமக்கு எட்டிய அளவிலே ஓசையைக் குறைத்து, வீதியிலே போகும் மனிதரை எண்ணிப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியர்களாகிய நாம் இங்கிருந்து தொடங்கலாம். அதிகாரத்திலுள்ளோரும் அரங்குகளைக் கட்டுவோரும் இதே பாடத்தைப் படிக்குமாறு கேட்பது அடுத்த கடமை. அதனைத் தனி ஆசிரியர் ஒருவரால் செய்யமுடியாது. நாம் அனைவரும் சேர்ந்தே கேட்கவேண்டும்.